அஞ்சாம் நம்பருக்கு ஒரு பிராக்ஸி

ஆறு பேர் படிக்கப் போன இடத்தில் ஆறு பேருக்கும் எண் இருந்தது. பஸ்ஸில் ஏறினாலும் இறங்கினாலும், அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாலும் வெளியே வந்தாலும், ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணை அவரவர் வாயால் சத்தமாகச் சொல்ல வேண்டும். அயல்நாட்டில் பிள்ளைகள் எவரும் தொலைந்துவிடக் கூடாது என்று ஊரில் இருக்கும் கல்லூரி முதல்வர் செய்துகொடுத்த ஏற்பாடு அது. கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிற தடிமாடுகளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி எண்ண வைத்தால் யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது? முதல் வாரம் எல்லாரும் முனகினார்கள். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. நான்காவது வாரத்தில் யாரும் தலையை நிமிர்த்திக்கூடப் பார்ப்பதில்லை. வாய் எண்ணைச் சொல்லும், கண் போனில் இருக்கும்.

ஒன்று, லீடர். பட்டியல் அவன் கையில் இருந்ததால் லீடர், வேறு தகுதி கிடையாது. இரண்டும் மூன்றும் பூட்டும் சாவியும். எப்போதும் ஒன்றாகவே திரிகிற இரண்டு பையன்கள். பூட்டு வாயைத் திறக்க மாட்டான், சாவி வாயை மூட மாட்டான். நான்கு, கொட்டாவி. எந்த வகுப்பிலும் பத்து நிமிடத்துக்கு மேல் விழித்திருந்த வரலாறு இல்லாத பெண். ஐந்து, பெரியக்கா. ஆறு, ரப்பர்.

ஒரு கோடு போட்டு நான்கு தடவை அழிப்பாள் என்பதால் அவள் ரப்பர். இந்தக் கதை அவளுடையது. நியாயமாகப் பார்த்தால் பெரியக்காவுடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். நியாயத்தை யார் கேட்டார்கள்?

பெரியக்காவுக்கு இருபத்தைந்து வயது. மற்றவர்களுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ள மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு, அம்மா போன பிறகு கல்லூரியில் சேர்ந்தவள். வயசு கூட என்ற ஒரே குற்றத்துக்காக எல்லாரும் அவளை அக்கா ஆக்கினார்கள். அக்கா ஆக்கியதும் எல்லா வேலையையும் அவள் தலையில் கட்டினார்கள். விடுதிச் சமையலறையில் ஆறு பேருக்கும் அவள்தான் சமைப்பாள். பையன்களின் சட்டைக்கும் அவள்தான் இஸ்திரி போடுவாள். காலையில் கதவு கதவாகத் தட்டி எழுப்புவாள். அவள் நகர்ந்ததும் சாவி அவள் நடையை நடந்து காட்டுவான். வலது முழங்காலில் அவளுக்கு ஒரு கோளாறு உண்டு, கொஞ்சம் விந்தி நடப்பாள். ரப்பர் விழுந்து விழுந்து சிரிப்பாள். பெரியக்கா சமைத்ததைத் தின்றுகொண்டே சிரிப்பாள்.

இவர்கள் ஆறு வாரப் படிப்புக்கு வந்திருந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு, நடுவில் ஊர் சுற்றிப் பார்ப்பது, பார்த்த கட்டடத்தை அளந்து வரைவது. படிப்பு முடிகிறபோது ஆறு பேரில் ஒரே ஒருவருக்கு அந்தக் கல்லூரியிலேயே இரண்டு வருடம் கட்டணமில்லாமல் மேல்படிப்புக்கு இடம் கிடைக்கும். வயது வரம்பு இருபத்தைந்து. மற்ற ஐந்து பேரும் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று விண்ணப்பம் போடலாம். பெரியக்காவுக்கு இந்த வருடம் விட்டால் போனது போனதுதான்.

அவளுக்குத்தான் அந்த இடம் என்று சுவருக்குக்கூடத் தெரியும். பாடம் நடத்துகிற மேடம் ஒவ்வொருவர் வரைபடத்துக்கும் முன்னால் அரை நிமிடம் நிற்பார். பெரியக்காவின் வரைபடத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிற்பார்.

ரப்பருக்கு ஏன் அந்த இடம் வேண்டும்? ஒரு படத்துக்காக. வீட்டு ஹாலில் அண்ணன் வெளிநாட்டில் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கிய படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களை எல்லாம் அப்பா அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். "பொண்ணு?" என்று யாராவது கேட்டால், "அவ இங்கதான் ஏதோ படிக்கிறா" என்பார். அந்த 'ஏதோ' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. படத்துக்குப் பக்கத்தில் வெறும் சுவர் எவ்வளவு இருக்கிறது என்று அவள் ஒரு நாள் டேப் வைத்தே அளந்திருக்கிறாள். சின்ன ஆசைதான். ஆனால் சின்ன ஆசை பெரிய ஆசையை விடச் சத்தமாகக் கத்தும்.

அன்று புதன்கிழமை. மாலை நான்கு மணி வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் வரைபடத்தை மாட்டிப் பத்து நிமிடம் பேச வேண்டும். அதை வைத்துத்தான் இடம் யாருக்கு என்று முடிவு. அன்றைய வகுப்புக்கு வராதவர் கணக்கில் இல்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

காலை எட்டரை வகுப்புக்கு ரப்பர் இருபது நிமிடம் தாமதம். பின்கதவு வழியாகப் பூனை மாதிரி நுழைந்து, மேடம் பலகைப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வருகைத் தாள் அவளிடம் வந்தபோது அவள் இடத்தில் அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. கடைசி எழுத்தின் சுழிகூட அப்படியே. பெரியக்கா திரும்பிப் பார்க்காமல் மேசைக்கடியில் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

பிராக்ஸி. ஊரில் கல்லூரிக்குப் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நண்பன் வராத வகுப்பில் அவனுக்காக 'உள்ளேன்' சொல்வது. உலகத்தில் எந்த நட்புக்கும் வேறு எந்த அத்தாட்சியும் தேவையில்லை. நான்கு வருடமாகப் பெரியக்கா வகுப்புக்கே பிராக்ஸி கொடுத்துக்கொண்டிருந்தாள். கொட்டாவிக்குக் கொட்டாவி குரலில், ரப்பருக்கு ரப்பர் குரலில். இந்த ஊருக்கு வந்த முதல் நாளே மேடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஒருத்தர் கையெழுத்தை இன்னொருத்தர் போட்டா, அடுத்த விமானத்துல ஊருக்கு." ஆறு பேரும் பவ்யமாகத் தலையாட்டினார்கள். இரண்டாவது வாரமே ஆரம்பித்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று சாவி சொன்னான்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. பெரியக்காவுக்கு யாரும் இதுவரை பிராக்ஸி கொடுத்ததில்லை. அவள் ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை, தாமதமாக வந்ததுமில்லை. பிராக்ஸி கொடுக்கத்தான் அவளுக்குத் தெரியும், வாங்கிக்கொள்ளத் தெரியாது.

பதினொன்றரைக்குப் பஸ். ஆறு பேரும் எண்ணைச் சொன்னார்கள், பஸ் கிளம்பியது. பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றைப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். கல் பாவிய சதுக்கத்தில் உட்கார்ந்து பெரியக்கா கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். "கொஞ்சம் உப்பு கம்மிக்கா" என்று சாவி சொன்னான். "நாளைக்குப் பாத்துப் போடறேன்டா" என்றாள் அவள். பிறகு மணிக்கூண்டு.

மணிக்கூண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி. சுழல் படிக்கட்டு, ஒரு ஆள் அகலம். மேலே மணி தொங்குகிற அறையை ரப்பரும் பெரியக்காவும் சேர்ந்து அளந்தார்கள். முப்பது மீட்டர் இரும்பு டேப்பில் ஒருவர் பூஜ்யத்தைச் சுவர் மூலையில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் இழுத்துக்கொண்டு போய் எண்ணைப் படிக்க வேண்டும். பூஜ்யத்தைப் பிடிக்கிறவர்தான் குனிய வேண்டும், முட்டி போட வேண்டும், தூசியைத் தின்ன வேண்டும். எண்ணைப் படிக்கிறவர் நின்றுகொண்டு எழுதிக்கொள்ளலாம். நான்கு வருடமாகப் பெரியக்காதான் பூஜ்யம் பிடிக்கிறாள்.

"பிடிச்சிருக்கீங்களாக்கா?"

"பிடிச்சிருக்கேன்டி. இழு."

இறங்கிப் பஸ்ஸில் உட்கார்ந்தபோது மணி மூன்றாக ஏழு நிமிடம் இருந்தது. ரப்பர் பையைத் திறந்து பார்த்தாள். டேப் இல்லை.

"ஐயோ அக்கா, டேப்ப மேலயே விட்டுட்டேன். காலேஜ் டேப்பு. என் பேர்ல எழுதி வாங்கினது."

வேறு யாரையும் பார்க்காமல், பெரியக்காவை மட்டும் பார்த்து, யாராவது போய் எடுத்து வந்தால் தேவலை என்கிற அந்தக் குரலில் சொன்னாள். அந்தக் குரலுக்குப் பெரியக்கா எப்போதும் எழுந்துவிடுவாள்.

"நீ உக்காரு. உனக்குத்தான் இன்னும் மூச்சு வாங்குதே. நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன். பஸ்ஸ மட்டும் நிறுத்தி வையி, என்ன?"

"சரிக்கா."

பெரியக்காவின் பையும் போனும் வரைபடக் குழாயும் இருக்கையிலேயே இருந்தன. அவள் விந்தி விந்தி மணிக்கூண்டுக்குள் போய் மறைவதை ரப்பர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதுவரை அவள் மனதில் ஒரு திட்டமும் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் கெட்டவள் இல்லை, அதுவரை.

மூன்று மணிக்கு டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். லீடர் முன்னிருக்கையில் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, போனில் எதையோ தட்டிக்கொண்டே, "ஒன்னு" என்றான்.

"ரெண்டு."

"மூணு."

"நா...லு" என்று கொட்டாவி கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

அப்புறம் ஒன்றுமில்லை. இன்ஜின் சத்தம் மட்டும்.

"அஞ்சு?" என்றான் லீடர், தலை நிமிராமல். "அஞ்சு எங்க?"

அக்கா மேலே போயிருக்கிறாள், இரண்டு நிமிடம் பொறு என்று ரப்பர் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்கும் வந்த சொல்லுக்கும் நடுவில் அந்த வெறும் சுவர் வந்து நின்றது. மாலை நான்கு மணி வந்தது. மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வது வந்தது.

"அஞ்சு" என்றாள், பெரியக்காவின் அடங்கிய, கொஞ்சம் கரகரத்த குரலில். உடனே, தன் குரலில், "ஆறு."

லீடர் பட்டியலில் டிக் போட்டு, "போலாம் சார்" என்று டிரைவரிடம் கையைக் காட்டினான். பஸ் நகர்ந்தது.

பூட்டு திரும்பிப் பார்த்தான். சாவி திரும்பிப் பார்த்தான். கொட்டாவிகூட ஒரு கண்ணைத் திறந்து, காலியான இருக்கையைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டாள். நான்கு வருடத்தில் அவள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள இவ்வளவு குறைவாக நேரம் எடுத்துக்கொண்டது அன்றுதான். ஐந்து பேருக்கும் அந்த இடம் வேண்டும். ஐந்து பேருக்கும் தடை ஒருத்திதான். யாரும் யாரிடமும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, பேச வேண்டியிருக்கவுமில்லை.

முதல் சிக்னலில் பஸ் நின்றது. பின்கண்ணாடியில் மணிக்கூண்டு முழுசாகத் தெரிந்தது. இன்னும் சொல்லலாம் என்று ரப்பர் நினைத்தாள். இரண்டாவது சிக்னலில் பாதி தெரிந்தது. இப்போதுகூடச் சொல்லலாம். மூன்றாவது சிக்னலில் மேலே கூம்பு மட்டும் தெரிந்தது. இனிமேல் சொன்னால் இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அதுவும் ஒரு சௌகரியமாகப் போயிற்று.

"அக்கா இப்ப எத்தனாவது படில இருப்பாங்க?" என்றான் சாவி.

"நூத்தி அம்பது" என்றான் லீடர். அவனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது.

"அந்தக் காலை வச்சுக்கிட்டா? எம்பதுதான்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. பூட்டு வாயைத் திறக்காமல் தோள் குலுங்கச் சிரித்தான். ரப்பரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெரியக்காவின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், விழுந்துவிடாமல்.

வகுப்பறையில் ஆறு வரைபடங்களையும் மாட்டினார்கள். பெரியக்காவுடையதை ரப்பரே குழாயிலிருந்து எடுத்து நான்கு மூலையிலும் ஊசி குத்தினாள். கோணல் இல்லாமல் குத்தினாள். குத்திவிட்டு அதன் முன்னாலேயே நின்றுவிட்டாள். அவ்வளவு நன்றாக இருந்தது அது.

மேடம் இன்னும் வரவில்லை. வருகைத் தாள் கைமாறி வந்தது. லீடர் போட்டு, பூட்டு போட்டு, சாவி போட்டு, கொட்டாவி போட்டு ரப்பரிடம் வந்தது. ஐந்தாவது கட்டம் காலி. வராதவர் கணக்கில் இல்லை. ஆக இதோடு முடிந்தது. பேனாவை எடுத்து ஆறாவது கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். தாளை நீட்டப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள்.

பாவம் என்று தோன்றிவிட்டது. உண்மையாகவே தோன்றியது. காலையில் தனக்குப் போட்ட அந்தச் சுழி கண்முன் வந்தது. பேசுகிற நேரத்துக்கு அக்கா வந்து சேரப் போவதில்லை, அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வராதவள் என்ற பெயராவது இல்லாமல் இருக்கட்டும். பஸ்ஸில் செய்ததற்கு இதில் ஈடுகட்டிவிடலாம். இப்படி ஒரு கணக்குப் போட்டு, பெரியக்காவின் கையெழுத்தை அழகாகப் போட்டு, தாளை மேசைமேல் வைத்தாள். மனசு கொஞ்சம் லேசானது. தன்னைவிட நல்ல தோழி யாருக்குக் கிடைப்பாள் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

மேடம் வந்தார். தாளைப் பார்த்தார், தலையாட்டினார். லீடர் பேசினான், பூட்டு தத்தளித்தான், சாவி தேவைக்கு மேல் பேசினான், கொட்டாவி விழித்திருந்தாள்.

"ஐந்தாவது யார்?" மேடம் சுற்றிப் பார்த்தார். தாளை மறுபடி பார்த்தார். "இங்கதானே இருக்காங்க?"

"பாத்ரூம் போயிருக்காங்க மேடம்" என்றான் சாவி, கேட்காமலே.

"சரி, வரட்டும். ஆறாவது வாங்க."

ரப்பர் போய் நின்றாள். அன்று அவள் நன்றாகவே பேசினாள், அதை மறுக்க முடியாது. மேடம் வரைபடத்தில் விரலை ஓட்டினார். "அளவு எல்லாம் ரொம்பத் துல்லியம். ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பலை. டேப்போட மறுமுனைய யார் பிடிச்சது?"

"ஒரு ஃப்ரெண்ட், மேடம்."

"நல்ல ஃப்ரெண்ட்" என்றார் மேடம்.

ரப்பர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முன்கதவு திறந்தது.

பிராக்ஸி வாங்கத் தெரிந்தவர்கள் பின்கதவு வழியாகத்தான் வருவார்கள். வந்து, சத்தமில்லாமல் உட்கார்ந்து, தாள் எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே கேட்டு, அதற்குப் பிறகுதான் மூச்சே விடுவார்கள். பெரியக்கா முன்கதவு வழியாக, எல்லார் முகத்துக்கும் நேராக வந்து நின்றாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வலது காலைத் தரையில் முழுசாக ஊன்ற முடியவில்லை. கையில் டேப். சாவி கையை ஆட்டிக் காட்டினான், லீடர் கண்ணைக் காட்டினான். அவள் கண்ணில் மேடத்தைத் தவிர யாரும் படவில்லை.

"மன்னிச்சுக்கங்க மேடம். டேப் எடுக்க மேல ஏறினேன். அதுக்குள்ள பஸ் கிளம்பிடுச்சு. போன் பையில இருந்துது, பை பஸ்ல இருந்துது. மணிக்கூண்டுல இருந்து நடந்தே வர்றேன். இப்பதான் உள்ள நுழையறேன்."

மேடம் சிரித்தபடி எழுந்து, தன் தண்ணீர்ப் பாட்டிலை அவளிடம் நீட்டினார். "அவ்வளவு தூரமா? முதல்ல தண்ணி குடிங்க. ஒன்னும் அவசரமில்லை. ஆறு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன், உங்களுக்குத் தனியா நேரம்..."

அங்கே நின்றுபோனார். மெதுவாகத் திரும்பி வருகைத் தாளை எடுத்தார். ரப்பரின் முகத்தில் ஈயாடவில்லை.

"இது உங்க கையெழுத்தா?"

பெரியக்கா தாளைப் பார்த்தாள். ஐந்தாவது கட்டத்தைப் பார்த்தாள். அந்தக் கையெழுத்தின் கடைசியில் ஒரு சுழி இருந்தது. அவள் கையெழுத்தில் சுழியே கிடையாது, அது ரப்பருடையது. பழக்கத்தில் வந்து விழுந்துவிட்டது.

"நீங்க போடலை" என்றார் மேடம். குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "நீங்க நேரம் கழிச்சு வந்தது தப்பே இல்லை. வராதவங்க வேற, லேட்டா வந்தவங்க வேற. ஆனா இது தப்பு. உங்களுக்குத் தெரியாம யாராவது போட்டிருந்தா, யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க போவாங்க. நீங்க இப்பவே பேச ஆரம்பிக்கலாம்."

பெரியக்கா தலையை நிமிர்த்தி ரப்பரைப் பார்த்தாள். ரப்பர் குனிந்து, ஒன்றுமே வரையாத ஒரு வெள்ளைத் தாளை அழித்துக்கொண்டிருந்தாள். 'நான்தான்' என்று ஒரு சொல். அதைச் சொல்ல அவளுக்கு நிறைய நேரம் இருந்தது. மூன்று சிக்னல்களில் இருந்த நேரத்தைவிட அதிகம் இருந்தது.

பெரியக்காவின் முகத்தில் என்ன வந்தது தெரியுமா? கோபம் வந்திருந்தால் ரப்பர் பிழைத்திருப்பாள். நன்றி வந்தது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒருத்தி எனக்காக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று அந்தப் பைத்தியக்காரி நெகிழ்ந்துபோய் நின்றாள்.

"நான்தான் மேடம் போடச் சொன்னேன்" என்றாள். "லேட்டானா போட்டுடுன்னு காலைலயே சொல்லி வச்சேன்."

"யார்கிட்ட?"

"அது வேணாம் மேடம். சொன்னது நான்தானே."

மேடம் அவள் வரைபடத்துக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முழுசாகப் பார்த்தார். "இதுதான் இருக்கறதுலயே நல்ல வேலை" என்றார். நான்கு ஊசிகளையும் தானே பிடுங்கி, சுருட்டி, அவள் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஊருக்கு விமானம். வியாழன் மாலையில் பெரியக்கா பெட்டி கட்டினாள். காலில் துணி சுற்றியிருந்தது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே மடித்து மடித்து வைத்தாள். ரப்பர் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"வாடி உள்ள. ஏன் அங்க நிக்கற?"

"அக்கா..."

"அழாத. நீ என்ன பண்ணுவ? எனக்காகத்தான போட்ட. நான்தான் லூசு மாதிரி வந்ததும் வராததுமா எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டேன். கொஞ்சம் சுத்திப் பாத்துட்டு உள்ள வந்திருக்கலாம்." சிரித்தாள். "என் கையெழுத்த என்னைவிட அழகாப் போட்டிருந்தடி."

ரப்பர் விம்மி விம்மி அழுதாள். பெரியக்கா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, மடித்து வைத்திருந்த துண்டை உதறி முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஒன்னு மட்டும் எனக்குப் புரியவே இல்ல" என்றாள் பிறகு. "லீடர் நம்பர் கேட்டிருப்பான்ல? நான் இல்லாம அஞ்சு எப்படி வந்துது?"

ரப்பரின் அழுகை சட்டென்று நின்றது.

"தெரியலக்கா. எல்லாரும் போன்ல இருந்தோம். அவன் கவனிச்சிருக்க மாட்டான்."

"பாவம், சின்னப் பையன். இத வச்சு அவனத் திட்டாதீங்க யாரும், என்ன? அப்பறம் அவனுக்கு மனசு கஷ்டமா இருக்கும்." பெட்டியின் ஜிப்பை இழுத்தாள், பாதியில் சிக்கியது. "கொஞ்சம் இந்தப் பக்கம் பிடி."

ரப்பர் குனிந்து, ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பெரியக்கா இழுத்து மூடினாள்.

திங்கட்கிழமை முடிவு சொன்னார்கள். இடம் ரப்பருக்கு. அப்பா போனில் அழுதார், முதல் தடவையாக 'என் பொண்ணு' என்றார். ஹாலில் ஆணி அடித்தாகிவிட்டது என்றும், படம் வந்ததும் மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்றும் சொன்னார். அவள் "சரிப்பா" என்றாள். அன்றைக்கு விடுதியில் யாரும் சமைக்கவில்லை, ரொட்டியை வாங்கித் தின்றார்கள். உப்பு கம்மி என்று சொன்னால் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

புதன்கிழமை ஆற்றுப் பாலம் பார்க்கப் போனார்கள். லீடர் பஸ்ஸில் முன்னிருக்கையில் உட்கார்ந்து, பட்டியலில் ஒரு வரியை அடித்தான். கொஞ்சம் யோசித்தான்.

"நடுவுல ஓட்டை இருந்தா எனக்குக் குழப்பமா இருக்கு" என்றான். "ரப்பர், ஆறு இனிமே கிடையாது. நீதான் அஞ்சு."

டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார்.

"ஒன்னு."

"ரெண்டு."

"மூணு."

"நா...லு."

ரப்பர் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. லீடர் தலையை நிமிர்த்தினான். சாவி திரும்பிப் பார்த்தான், பூட்டு பார்த்தான், கொட்டாவி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"அஞ்சு? அஞ்சு எங்க?"

"அஞ்சு" என்றாள். தன் குரலில்தான் சொன்னாள். ஆனால் வந்தது அந்த அடங்கிய, கொஞ்சம் கரகரத்த குரல். பட்டியலில் டிக் விழுந்தது, பஸ் கிளம்பியது.